எந்தச் சித்தி?

லோடு ஏத்திக்கிட்டு ஊர் ஊராச் சுத்துற மகராசனுக்கு,

பொண்ணு திரும்பி வந்துட்டா. பதறாதீங்க. பதறுற ஆளா இருந்தா என் போனை எடுத்திருப்பீங்க.

ரெண்டு நாளா ஊரே தேடுச்சு. தண்ணித் தொட்டியில விழுந்துட்டாளோன்னு வீட்டுக்கு வீடு மூடியைத் திறந்தாங்க. அந்தக் கூத்தைக் கேளுங்க! குடியை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ற தையக்காரர் தொட்டியில பாட்டில் மிதக்குது. தெருவுக்குத் தண்ணி வரலைன்னு மனு போட்ட வாத்தியார் தொட்டியில திருட்டு மோட்டார் ஓடுது. அழுத அழுகையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க விட்டேன்?

ஆங், பொண்ணு. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவளே வந்தா. அடிக்கக் கை ஓங்கினேன். தலையைப் பாத்ததும் கை நின்னுபோச்சு. எனக்கு மூணு கால் பின்னல்தான் வரும். அவ தலையில நாலு கால் பின்னல், அப்படி ஒரு நேர்த்தி.

"யாருடி பின்னி விட்டது?"

"சித்தி. அப்பாவும் அங்கதான் இருக்காரு."

எனக்குக் கூடப்பிறந்தவளே கிடையாது. ஆனா சுத்தி நின்னவங்கள்ல ஒருத்தர்கூட "எந்தச் சித்தி?"ன்னு கேக்கல. தையக்காரர் தரையைப் பாக்குறாரு. உங்க அம்மா, "வாடி, சாப்பிடலாம்"னு அவளை உள்ள இழுக்குறாங்க.

ரெண்டு நாளும் பிள்ளை உங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னுருக்கா. நான் தொட்டி தொட்டியா எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். "இங்கதான் இருக்கா"ன்னு நீங்க போன்ல ஒரு வார்த்தை சொன்னா, எங்கன்னு சொல்லணுமே!

உங்க துணியைத் தொட்டி மூடி மேல வச்சிருக்கேன். ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க.

பின்னலை அவுக்க விடமாட்டேங்குறா. அதுதான் எரியுது.

இப்படிக்கு,
உங்க பொண்ணோட அம்மா, அவ்வளவுதான்.