விரைவுத் தடத்தில் போன தண்ணீர் லாரி

அனுப்புநர்:
நடத்துநர், தடம் எண் 41,
நகரப் பேருந்துப் பணிமனை.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை.

பொருள்: கட்டண விரைவுத் தடம் – உயிர் காத்த லாரி ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கியது – அவரை மீண்டும் பணியில் சேர்க்கவும், தடுப்புச் சுவரில் அவசர வழி விடவும், நகரப் பேருந்துகளை அனுமதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் துறையும் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டாக நெடுஞ்சாலையின் நடுவே கட்டண விரைவுத் தடம் அமைத்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். அதை எதிர்த்து நான் எழுதவில்லை. தினமும் அந்த நெரிசலில் நின்று நின்று கால் கடுத்துப்போனவள் நான். புதிய வழி வருவதில் என்னைவிட மகிழ்ச்சி அடைபவர் இருக்க முடியாது.

2. சென்ற மாதம் ஒரு காலை வேளையில், மருத்துவமனைக்குப் போகும் மேம்பாலத்துக்கு வெகு முன்னதாகவே எங்கள் பேருந்து நெரிசலில் சிக்கி நின்றது. ஓட்டுநர் கைபிரேக்கைப் போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்தார். சலித்துக்கொண்டு படுக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். அருகில் போனபோது அவர் சட்டை முழுதும் நனைந்திருந்தது. "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்மா" என்றார். ஆம்புலன்ஸை அழைத்தோம். அதுவும் எங்களுக்கு வெகு பின்னால் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

3. இடுப்பளவு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் புதிய தடம் காலியாகக் கிடந்தது. கோடு போடுவது மட்டுமே பாக்கி. நிறுவனத்தின் தண்ணீர் லாரி ஒன்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சுவரோரம் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். வெளியாட்களை ஏற்றினால் வேலை போய்விடும் என்று லாரி ஓட்டுநர் தயங்கினார். பிறகு இறங்கி வந்து எங்கள் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். "சரி, தூக்கிக் குடுங்க" என்றார்.

பயணிகள் எல்லாரும் சேர்ந்து தூக்கினார்கள். அதுவரை எங்களுக்குப் பின்னால் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த கார்க்காரரும் விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து ஒரு காலைத் தாங்கிப் பிடித்தார். (இம்மனுவில் அவர் கையெழுத்தும் உள்ளது.) நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். பதற்றத்தில் குழாயை மூட மறந்துவிட்டதால் வழி நெடுகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே போனோம். தடத்தின் முடிவில் இருந்த தடுப்புகளை லாரி ஓட்டுநரே இறங்கி நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் கூறினார். எங்கள் ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார்.

4. எங்கள் ஓட்டுநர் வீடு திரும்பியதும் நன்றி சொல்லலாமென்று லாரி ஓட்டுநரைத் தேடிப்போனோம். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அனுமதியின்றி வெளியாட்களை ஏற்றியது, தடுப்பை நகர்த்தியது, தண்ணீரை வீணாக்கியது ஆகியவை அவர்மீதுள்ள குற்றச்சாட்டுகள். இப்போது தன் மச்சானின் பஞ்சர் கடையில் ஒத்தாசையாக இருக்கிறார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. "நாளைக்கே மறுபடி கூப்பிட்டாலும் ஏத்துவேன்மா. ஆனா எனக்கு லாரி ஓட்டத்தான் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

5. பயணிகள் சிலருடன் நிறுவனத்தின் பணித்தள மேலாளரைச் சந்தித்தேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் உட்காரச் சொல்லி முழுதும் கேட்டார். விபத்து நேர்ந்தால் பொறுப்பு நிறுவனத்தினுடையது, விதியை மீற யாரையும் விட முடியாது என்றார். அது நியாயமே. ஆனால் கடைசியில், "துறையிலேர்ந்து ரெண்டு வரி வரட்டும்மா, அன்னைக்கே அவரைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். தடம் திறப்பதற்குள் தாங்கள் ஒப்புதல் தந்தால் சுவரில் வழி விடவும் ஒப்பந்தம் இடம் தருகிறதாம். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

6. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து,

(அ) லாரி ஓட்டுநரை மீண்டும் பணியில் சேர்க்குமாறு நிறுவனத்துக்கு எழுத வேண்டுகிறேன்.

(ஆ) மேம்பாலத்துக்கு முன் தடுப்புச் சுவரில் திறந்து மூடக்கூடிய அவசர வழி ஒன்று அமைத்து, ஆம்புலன்ஸுகளைக் கட்டணமின்றி விட வேண்டுகிறேன்.

(இ) நகரப் பேருந்துகளையும் அத்தடத்தில் அனுமதிக்க வேண்டுகிறேன். கட்டணம் செலுத்துவோர் சீக்கிரம் போகட்டும், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் எங்கள் ஒரு பேருந்தில் நிற்பவர்களையும் சேர்த்து இறக்கிவிட்டால் ஒரு தெருவே நிறையும். அவர்களுக்கும் அலுவலகம் இருக்கிறது, தாமதமானால் முகம் சுளிக்கும் முதலாளி இருக்கிறார்.

எங்கள் ஓட்டுநர் நலமாக இருக்கிறார். அடுத்த மாதம் வண்டி எடுக்கலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். வேறு தடம் தருகிறோம் என்று பணிமனையில் சொன்னதற்கு மறுத்துவிட்டார். அன்று லாரியில் சாய்ந்து கிடந்ததில் அவருக்கு வண்டியின் கூரை மட்டும்தான் தெரிந்ததாம். "அந்த ரோட்டை நான் இன்னும் பார்க்கவே இல்லம்மா. பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போய்த்தான் பார்க்கணும்" என்கிறார்.

அதற்குத் தங்கள் கையெழுத்து ஒன்றே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
(ஒப்பம்)
நடத்துநர், தடம் எண் 41

இடம்: பணிமனை ஓய்வறை
நாள்: திங்கட்கிழமை, காலைப் பணி முடிந்தபின்

இணைப்பு: பயணிகளின் கையெழுத்துகள்