ஸ்டெப்னி நலமா?

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உங்கள் தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார், "என்னால முடியல, என்னை விட்டுடு" என்றார், பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். ஏதோ கடைக்குப் போகிறவரைப் பார்க்கிற மாதிரி நானும் வாசலில் நின்று பார்த்தேன். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை.

எனக்கு ஐந்தாம் மாதம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டேன். ஆனால் இந்த வீடு இரண்டு சம்பளத்தை நம்பிப் பிடித்தது. அவர் அங்கே வந்தாரா? வந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். வருவாரா மாட்டாரா என்று தெரிந்தால், விரலுக்குத் தகுந்த வீக்கமென்று நான் செலவைச் சுருக்கிக்கொள்வேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் போன உங்கள் முன்பற்கள் என்ன ஆயின? கட்டிக்கொள்ளப் பணம் சேர்த்துவிட்டதாகப் போன தடவை சொன்னீர்களே.

உங்கள் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
வாத்தியாரம்மா


ஜனவரி 19

என் வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெள்ளை விரிப்புகளோடு பச்சைத் துணியைப் போட்டுவிட்டேன். இன்றைக்கு வார்டு முழுக்கப் பச்சை விரிப்பு. சூப்பர்வைசர் கத்தினார், எனக்குக் காதிலேயே விழவில்லை.

நீ தெம்பாக இரு. அவன் இங்கே வந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். கூனிக்குறுகி நின்றான். கடைசியில் கொஞ்சம் பணம் கொடுத்து, "அவகிட்ட சேர்த்துடுக்கா. குழந்தை எப்படி இருக்குன்னு கேளு" என்றான். அதை உன் பேங்க் கணக்கில் போட்டிருக்கிறேன். மாதாமாதம் கொடுப்பான். எங்கே தங்கியிருக்கிறான் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு இரு, எல்லாம் சரியாகும்.

பல் டாக்டர் ஊரில் இல்லை. அதுவரை எல்லாவற்றையும் ஊறவைத்துத் தின்கிறேன்.

உனக்காக வேண்டிக்கொள்ளும்,
அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த மாதப் பணமும் வந்தது. 'குழந்தை எப்படி இருக்குன்னு கேளு' என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிப்பதற்கு. வயிறு இடிக்கிறதென்று என் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நின்றுகொண்டிருந்த பால் வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானல்லவா கேட்டிருக்க வேண்டும்? முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். இப்போது ஆபீசில் உட்கார்ந்து சாலை விதிகள் பாடம் எடுக்கிறேன். சம்பளம் முக்கால்வாசிதான்.

ஒரு நர்ஸ் பெண் எங்கள் முன்னறையை வாடகைக்குக் கேட்கிறாள். பாதி வாடகை தருவாளாம். பக்கத்து வீட்டம்மா, "கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடு" என்கிறார். உங்கள் தம்பியின் துணியும் மேஜையும் அங்கேதான் இருக்கின்றன. திரும்பி வருகிற மனிதர் தன் அறையில் வேறொரு ஆளைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அதனால் இன்னும் சரி சொல்லவில்லை.

பல்?

அன்போடு,
வாத்தியாரம்மா


மார்ச் 3

கண்ணு,

கால் எட்டாத வண்டியில் ஏறினாயே, உன்னை நேரில் பார்த்தால் முதுகில் இரண்டு வைப்பேன்.

அறையை நர்சுக்கே கொடுத்துவிடு. அவன் வந்தால் நடையில் படுக்கட்டும், தேய்ந்துபோக மாட்டான். வருகிற பணத்தை வேண்டாமென்று தள்ளாதே. பிரசவத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. அரசு ஆஸ்பத்திரியில் இப்போதே பெயரைக் கொடுத்து வை. விரிப்பு மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போ. நான் சொல்கிறேன், கேள்.

டாக்டர் வந்துவிட்டார், எனக்குத்தான் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி எடுத்திருக்கிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்ய?

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

அரசு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டேன். முன்னறை விஷயத்தில்தான் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. இந்த மாதக் கடைசிவரை பொறுக்கச் சொன்னதற்கு அந்த நர்ஸ், "அக்கா, எனக்கும் தலைக்கு மேல ஒரு கூரை வேணும்ல" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான்.

எனக்காக ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டெப்னி நலமா என்று அவர் எப்போதாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால், அடுத்த தடவை வரும்போது ஸ்டெப்னி பேச்சை நீங்களே எடுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவரால் எதையும் மறைக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் நர்சுக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

வாத்தியாரம்மா


மார்ச் 22

அடி பைத்தியக்காரி,

படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டெப்னியாம், நலமாவாம்! வீட்டுக்காரன் வைத்திருக்கிறவளை நலம் விசாரிக்கிற பெண்டாட்டி இந்த உலகத்தில் உன்னைத் தவிர எவளும் இருக்க மாட்டாள். இப்படி ஒரு விஷயம் இருக்கிறதென்று ஏன் முதல் கடிதத்திலேயே எழுதவில்லை?

நேற்று அவன் வந்தான். சட்டையைப் பிடித்துக் கேட்டேன். என் தலையில் கையை வைத்து, "அக்கா, எனக்கு ஸ்டெப்னியும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது" என்று சத்தியம் பண்ணினான். முகத்தில் கள்ளம் இல்லை. அப்படி எவளாவது இருந்தால் நானே துடைப்பத்தோடு போய் நிற்பேன். நீ கலங்காதே. அவனுக்கு உன் நினைப்பும் குழந்தை நினைப்பும்தான்.

கோபத்தோடு,
அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசில் சத்தம் போட்டுச் சிரித்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் பார்க்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்டெப்னி என் வயிற்றில் இருக்கிறது, அண்ணி. மூன்றாம் மாதம் இடுப்பு லேசாகப் பருத்தபோது உங்கள் தம்பி ஒற்றை விரலால் தட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, ஸ்டெப்னி மாட்டிட்டியா?" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். ஸ்டெப்னி தூங்குதா, ஸ்டெப்னிக்குப் பசிக்குதா என்பார். ஒருநாளும் அவர் வாயிலிருந்து 'குழந்தை' என்ற சொல் வந்ததில்லை. நீங்கள் எழுதிய முதல் வரியிலேயே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

ஸ்டெப்னி என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவர் சத்தியம் பண்ணியிருக்க மாட்டார். ஒன்று சிரித்திருப்பார், இல்லையென்றால் தலையைக் குனிந்திருப்பார். அப்படியானால் 'நேற்று அவன் வந்தான்' என்று எழுதினீர்களே, அது யார்? ஒரு தடவையாவது அவர் அங்கே வந்தாரா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பல்தான் என் பேங்க் கணக்கில் இருக்கிறதா?

வாத்தியாரம்மா


ஏப்ரல் 4

அம்மாடி,

வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. ஜனவரியில் வேறொரு நம்பரிலிருந்து பேசினான். உன்னைப் பற்றி எடுத்ததுமே, "நீ இதுல தலையிடாதக்கா" என்று வைத்துவிட்டான். அப்புறம் அந்த நம்பரும் இல்லை.

என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று நீ நம்ப வேண்டுமென்றுதான் எழுதினேன். எழுத எழுத எனக்கே அவன் வந்துபோன மாதிரி இருந்தது. அவன் கூனிக்குறுகி நின்றதைச் சத்தியமாகக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டேன். அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன் அவன். நீ அந்த அறையைப் பூட்டி வைத்துக் காத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும், உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அவனோடு முன்பு வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டு வாங்கிவிட்டேன். பின்பக்கத்தில் விலாசம் எழுதியிருக்கிறேன். வக்கீலைப் பார்த்துப் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடு. சாட்சி வேண்டுமானால் நான் வந்து சொல்வேன். உடன்பிறந்தவன் என்று பார்க்க மாட்டேன். என்றாவது ஒருநாள் அவன் மனசு மாறி வந்தால், அன்றைக்கு நீ என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்.

என்மேல் கோபம் இருந்தால் பதில் போட வேண்டாம். எனக்குப் புரியும்.

அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் நானும் உங்களைப் போலப் பொய் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று அர்த்தம். உங்கள் வார்த்தையை நம்பித்தான் ஒரு மனிதர் வருவார் என்று அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்தேன். நர்ஸ் எத்தனை நாள் பொறுப்பாள்? வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள்.

நல்லவேளை, போகும்போது தன் சிநேகிதியைக் கைகாட்டிவிட்டாள். அவளும் நர்ஸ்தான். நேற்று முன்பணத்தோடு வந்து குடியேறினாள். அவருடைய துணிகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. மேஜையை அவள் வைத்துக்கொண்டாள். அறைக் கதவைத் திறந்து சாவியை அவள் கையில் கொடுத்தேன். அப்புறம் அவள், "அக்கா, எறும்புப் பொடி இருக்கா?" என்று கேட்டாள். தேடி எடுத்துக் கொடுத்தேன்.

விலாசம் கொடுத்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அதை எழுதும்போது உங்கள் கை என்ன பாடுபட்டிருக்கும் என்று தெரிகிறது. இலவச சட்ட உதவி வக்கீலைப் பார்த்தேன், மனு எழுதியாயிற்று. முதலாளி பிரசவ விடுப்புக்குப் பாதிச் சம்பளம் தருகிறார். அதற்குப் பிறகு மறுபடி வண்டி. அப்போது கால் எட்டும்.

நீங்கள் போட்ட பணத்தில் இரண்டு மாத வாடகை போனது. அதை மெதுவாகத் தருகிறேன். மீதியை இன்றைக்கே உங்கள் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று எழுதினீர்களே, கடிக்க உங்களுக்குப் பல் எங்கே? முதலில் டாக்டரிடம் போங்கள்.

டயர் போன இடத்தில் கை கொடுப்பதுதான் ஸ்டெப்னி. அப்படிப் பார்த்தால் எனக்கு நீங்களும்தான். நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன், துடைப்பத்தை எடுக்காதீர்கள்.

மே நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். "கூட யாரு இருப்பாங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். யோசிக்காமல் "எங்க அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அதனால் லீவு போடுங்கள். பிள்ளை முதன்முதலாகச் சிரிக்கும்போது நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

அவர் மனசு மாறினால் என்று எழுதியிருந்தீர்கள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள். ஸ்டெப்னிக்கு அத்தைதான் வேண்டும். மீசையெல்லாம் வேண்டாம், பல் முளைத்தால் போதும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வாத்தியாரம்மாவும் ஸ்டெப்னியும்