கோபத்தில் ஊற்றிய மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கால் வீக்கம் வடிந்ததா? சுருளிப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக் கொத்துகளில் அழுகின மணி கழிக்க ஆள் கிடைத்ததா? ஜெர்மனியில் நான் சுகம்.

அப்பாவைக் கொண்டுபோன அதே தோல் புற்றை இங்கே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறோம். கீமோ மருந்துக்குச் சாகாத சில செல்கள் கிழடுதட்டி உட்கார்ந்துகொண்டு, பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. அவற்றுக்குள் மட்டும் போய் உடையும்படி, கண்ணுக்குத் தெரியாத நானோ உருண்டைகளில் மருந்து அடைத்திருக்கிறோம்.

நேற்று அப்பா முகம் நினைவுக்கு வந்தது. ஆத்திரத்தில் இரண்டு பங்கு ஊற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் நல்ல செல்களும் செத்துக் கிடந்தன. "ஆத்தா, கோவத்துல கத்திரியப் போடாத, அழுகுனதோட நல்ல மணியும் போயிரும்" என்று தோட்டத்தில் ஏசுவாயே, அதேதான். பயப்படாதே, பேராசிரியர் திரும்பச் செய்யச் சொன்னார், அவ்வளவுதான்.

உன் பழைய கத்திரியைப் பார்சலில் அனுப்பு, மேசையில் என் கண் முன்னே கிடக்கட்டும். ஆட்களிடம் நீ சத்தம் போடுவதையும் போனில் பதிந்து அனுப்பு, வேலை நேரத்தில் போட்டுக் கேட்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. நாளைக்குப் புதுத் தட்டு. நல்லதில் ஒன்றுகூட விழாது. அப்பாவைத் தின்ற அந்தச் செல் சாதியை மட்டும் ஒவ்வொன்றாகக் கழிப்பேன், அது சாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன்.

உன் மகள்,
பாண்டீஸ்வரி