தம்பி பெயரில் ஓர் இடம்

சுண்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நான் இங்கே இருக்கிறேன், முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், எதிர்வீட்டு டீச்சர் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ அந்தக் கம்ப்யூட்டர் பரீட்சையில் பெயிலாகிவிட்டாய், வருகிற சனிக்கிழமை மறுபடி எழுதிப் பாஸாகாவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் தம்பி படித்த கம்ப்யூட்டர் சென்டரில் அதே பரீட்சை மாணவர்களுக்கென்று தனியாக இருக்கிறது, அதற்கான பயிற்சிக் கேள்விகளுக்கு விளக்கமெல்லாம் உண்டு, அவன் கணக்கில் போய்ப் படித்துக்கொள்கிறேன் என்றாய். அவன் செத்து மூன்று மாதம் ஆகியும் நான் சென்டரில் சொல்லவில்லை. இப்போது சொன்னால் கணக்கை மூடிவிடுவார்கள், சொல்லாதே என்றாய் நீ. சரி என்றேன். தினமும் லாண்டரியில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நீ அவன் கணக்கைத் திறக்கும்போது அவன் போனுக்கு வருகிற ஆறு எண்ணையும் உனக்குப் படித்துச் சொல்கிறேன். அந்தப் போனை ஒருநாளும் சார்ஜ் இறங்க விட்டதில்லை, அவன் கையில் இருந்தபோதுகூட அது இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

நேற்று அது அடித்தது. சென்டர் சார். போன பரீட்சையில் மூன்று மார்க்கில் கோட்டை விட்டவன் இப்போது பயிற்சியில் தொண்ணூறு எடுக்கிறான், இரண்டு வாரமாக ஒருநாள் விடாமல் படிக்கிறான், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தத் தொண்ணூறு உன்னுடையது என்று எப்படிச் சொல்வேன். "கூப்பிடுங்கம்மா, நானே பேசுறேன்" என்றார். "தூங்குறான் சார்" என்று சொல்லிவிட்டேன், வாயில் அதுதான் வந்தது. "படிச்ச களைப்பு, தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிப் பரீட்சைக்கு அவன் பெயரில் இடம் போட்டுவிட்டாராம். மாணவர்களுக்கு மறுபடி எழுத ஒரே ஒரு தடவைதானாம், வராவிட்டால் அதுவும் போய்விடும், கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறார். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமைக்குள் உன் படிப்பு நின்றுபோகும். சொல்லாவிட்டால், இல்லாத பிள்ளை இன்னொரு தரம் பெயிலாவான். லாண்டரியில் பாய்லருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான் எனக்கு, இப்போது வீட்டுக்கு வந்தாலும் அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கிறது.

எப்படியும் வியாழக்கிழமை நான் போகிறேன். அந்த நல்ல மனுஷனைக் காக்க வைக்க மனசு வரவில்லை. அவன் அடையாள அட்டையைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. நீ அதுவரை நிறுத்தாமல் படி. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசி, அவன் அவசரத்தில் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே தட்டிவிட்டு வந்தவன். நீ நன்றாக இருப்பாய், பாஸாகிவிடுவாய், என் வயிற்றில் பிறந்த ஒன்றாவது நீண்ட நாள் இருக்கட்டும். ஆறு எண் வேண்டுமென்றால் எந்த நேரமும் கூப்பிடு, போன் என் பக்கத்திலேதான் இருக்கும்.

வியாழக்கிழமை அவன் பெயரை வாசித்துவிட்டு, அந்த சார் நிமிர்ந்து என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாரே, அப்போது நான் என்னடி சொல்லட்டும்?

உன் அம்மா