சோற்றுக்கு நடுவே ஒரு ‘ம்’

2025 ஜூன் 9, திங்கள்

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் அடுப்பைத் தொட்டேன். தைராய்டு கட்டியை எடுத்துவிட்டார்கள், கெட்டதாக ஒன்றும் இல்லையாம். அதற்கே சாமிக்கு நன்றி சொல்ல வேண்டும். கூடவே குரலும் போயிருக்கிறது. நரம்பு களைத்திருக்கிறதாம், இப்படி ஆகலாம் என்று முன்பே சொன்னதுதான். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. இந்த பிளாக்கில் நான் வாசலிலிருந்து கூப்பிட்டால் அடுத்த தெருவில் பால்காரர் பிரேக் போடுவார். அந்த ஆதிலட்சுமிக்கு வந்த நிலையைப் பார்!

ஒரு வேடிக்கை. நான் கிசுகிசுத்தால் எதிரில் இருப்பவரும் கிசுகிசுக்கிறார். பக்கத்து குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி, திருட்டுக்குத் திட்டம் போடுகிறவள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “கஞ்சி கொண்டாரட்டுமாக்கா?” என்றாள். சிரித்ததில் தையல் இழுத்தது.

ஜூன் 14, சனி

என் வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை.

ராஜாங்கத்துக்கு மைன்ஸில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டில் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், தட்டைப் பார்த்தபடியே அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வார். யார் யாரிடம் திட்டு வாங்கினார், எந்த பெல்ட் கிழிந்தது, கேன்டீன் வடையில் என்ன குறை. நான் சமையலறையிலிருந்து ‘ம்’ கொட்டிக்கொண்டே இருப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். இப்போது இரண்டு வார்த்தை சொல்கிறார், ‘ம்’ வரவில்லை என்றதும் நின்றுவிடுகிறார்.

“இன்னா, நான் சொல்லிகினே இருக்கிறேன், நீ பாட்டுக்கு இருக்கிற?” என்றார் முந்தாநாள். சொன்ன பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. முகம் சுருங்கிப்போய்விட்டது. இன்று ஒன்றுமே சொல்லவில்லை. ஃபேன் சத்தத்தில் சாப்பிட்டு எழுந்தோம்.

ஏங்க, உங்க கதைய கேக்காம எனக்கு சோறு எறங்கலியே — இதை எப்படிச் சொல்ல?

ஜூன் 20, வெள்ளி

பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். சொல்லித் தருகிற பெண் பவித்ரா, எங்கள் மகள் இளவேனில் வயதுதான் இருக்கும். தன் தொண்டையில் என் விரல்களை எடுத்து வைத்துக்கொண்டாள். “ஸ்ஸ்” என்றாள். ஒன்றும் இல்லை. “ம்ம்” என்றாள். உள்ளே குறுகுறுவென்று அதிர்ந்தது.

“முதல்ல சொன்னது குரல் இல்லாத சத்தம், இது குரல் உள்ள சத்தம். எல்லார் பேச்சும் ரெண்டும் கலந்ததுதாங்கம்மா. பம்பரம்னு சொல்லிப் பாருங்க, முதல் ப அதிராது, ரெண்டாவது அதிரும்.”

ஆமாம்! எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. இத்தனை வருஷம் வாயடித்திருக்கிறேன், இது தெரியாமலே. என் தொண்டையில் எல்லாமே ‘ஸ்ஸ்’ கட்சியில் சேர்ந்துவிட்டன. அதிர்வு கொஞ்சமும் இல்லை.

நான் கிசுகிசுப்பது இவருக்கு விழவில்லை என்று அவள் சந்தேகப்பட்டு இவர் காதையும் சோதித்தாள். பெல்ட் சத்தத்திலேயே கிடந்த காது. குரல் உள்ள கனத்த சத்தம் விழுகிறது. மெல்லிய காற்றுச் சத்தம் விழுவதே இல்லை. அதாவது, என்னிடம் மிச்சம் இருப்பது அவருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்பது என்னிடம் இல்லை. பொருத்தம் பார்த்த ஜோசியர் இதைச் சொல்லவில்லை.

காது மெஷின் வாங்கினோம். மாட்டினால் மிக்ஸி சத்தம் மண்டையைப் பிளக்கிறதாம். சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

அவர் தன் டார்ச்சைக் கொடுத்து, “கூப்புடணும்னா இத ஆட்டு” என்றார். சாயங்காலம் தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறுகிறதே என்று ஜன்னலிலிருந்து டார்ச்சை இடமும் வலமுமாக ஆட்டினேன். மனுஷன் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டார். நான் இன்னும் வேகமாக ஆட்ட, இன்னும் விறைத்து நின்றார். ஹோஸ் தண்ணீர் வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தது.

வெளியே ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். “மைன்ஸ்ல அப்டி ஆட்டுனா நிறுத்துன்னு அர்த்தம்டி. வான்னா மேலயும் கீழயும் ஆட்டணும்!” இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் சிரிப்புக்கும் சத்தம் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ‘ம்’ பயிற்சி செய்யும்போது வந்து என் தொண்டையில் இரண்டு விரல் வைத்தார். என்ன இது என்று பார்த்தேன். “பெல்ட் கிட்ட காத நம்ப முடியாது. மோட்டார் மேல கைய வெச்சிதான் ஓடுதான்னு பார்ப்போம்” என்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

“இன்னும் ஓடல. வுடு, நாளைக்குப் பார்ப்போம்.”

ஜூலை 19, சனி

மோட்டார் ஓடவில்லை. விரல் மட்டும் தவறாமல் வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சென்னையிலிருந்து இளவேனில் பேசினாள். “அம்மா, சிக்னல் இல்லம்மா, அப்பாகிட்ட குடு.” சிக்னல் நல்லாத்தான்டி இருந்துது. நான்தான் இல்ல. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்குக் குழாய்? என் அழுகை யாருக்குக் கேட்கப் போகிறது?

வெளியே வந்தால் அவர் கதவருகில் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார். வா என்று. இந்த மனுஷனைக் கொடுத்ததற்கு நன்றி. வேறென்ன எழுத?

செப்டம்பர் 8, திங்கள்

எனக்கே தெரியவில்லை, அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. “இரு இரு. திரும்பச் சொல்லு.” சொன்னேன். “லேசா ஓடுதுடி!”

என் விரலை வைத்தேன். ஈ ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது போல. ஆமாம். ஆமாம்!

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

குரல் கரகரவென்று வரும், போகும். பவித்ரா அவசரப்படுத்தாதீர்கள் என்றிருக்கிறாள்.

மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். “இன்னிக்கு ரோலர் ஒண்ணு மாத்துனோம்” என்று தன்பாட்டுக்குச் சொன்னார். பழக்கத்தில் ‘ம்’ என்றேன். “புதுப்பையன் அத தலைகீழா மாட்டிகினு நிக்கிறான்.” ‘ம்.’ “நான் சொல்றேன், கேக்க மாட்டேன்றான்.” ‘ம்.’

திடீரென்று சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். கை சோற்றில் அப்படியே இருந்தது. கண் நிறைந்திருந்தது.

“கேட்டுதா?” என்றேன்.

தலையாட்டினார். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, “அப்பளத்த எறக்கிட்டு வந்து உக்காரு. ஜூன் மாசத்துலருந்து சொல்ல வேண்டியது கெடக்குது” என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

இன்னும் ஜூலையைத் தாண்டவில்லை. ரசம் ஆறிவிட்டது.