கையுறை போட்டுத் தேர்ந்தெடுத்த குறடு

கிஸ்லேன்,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. நாய்க்குத் தீனி வைத்துவிட்டேன். நான் தோப்புக்குப் போகிறேன்.

நேற்றுக் கடையில் நீ தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, மேப்பிள் மரங்களிலிருந்து சாறு இறக்கும் குழாய்களை இணைக்கும் குறடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாய். "என்னம்மா, கடைக்குள்ளேயே குளிருதா?" என்று கடைக்காரன் சிரித்தான். "மரத்துக்கிட்ட வந்து நில்லு, அப்பப் புரியும்" என்றாய். நான் வெட்கப்பட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ராத்திரி, "இந்த வருசம் குழாயை மரத்துக்கு மரம் நீயே இழுத்துக்கோ, நான் வரல" என்று திரும்பிப் படுத்துவிட்டாய்.

விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் நீ தேர்ந்தெடுத்து வாங்கியதைச் சோதித்துப் பார்த்தேன். குளிரில் குழாய் கட்டையாக விறைத்திருந்தது. ஒரே அழுத்தில் இணைப்பு உள்ளே போய் உட்கார்ந்தது. கையுறையைக் கழற்றவே இல்லை. இத்தனை வருடம் வெறும் விரலும், குழாயை இளக்க வெந்நீர்க் குடுவையுமாக அல்லாடியிருக்கிறேன். உனக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவே இல்லை.

தோப்பின் மேல்வரிசை மரங்களை நான் தனியாகத் தொடமாட்டேன். நீ வந்தால் சேர்ந்து இழுக்கலாம்.

லெயோன்ஸ்

பி.கு. புதுக் குறடு மேசைமேல் இருக்கிறது. நீ இல்லாமல் அதை எடுத்துப் போக மனம் வரவில்லை. பழையதோடு போகிறேன். விரல் விறைப்பதற்குள் வந்துவிடு.