இருநூற்றைம்பத்தாறு நிறங்களுக்காக நீ போட்ட சண்டை

வீட்டில் கிடந்த பழைய மானிட்டரை இன்று காலை துடைத்து ஓட்டிப் பார்த்தேன். சூடேறியதும் கிளம்பிய தூசி வாசனையில் நம் தம்பானூர் ஆபீஸ் நினைவுக்கு வந்தது. நீ வந்தாய். கூடவே என் கோபமும் வந்தது.

மலை எஸ்டேட் மருந்தகம் ஒன்றுக்கு நாம் இருவரும் மருந்து இருப்புக்கான புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். காலாவதியான மருந்து இளஞ்சிவப்பு வரியிலும் நல்ல மருந்து இளமஞ்சளிலும் தெரிய வேண்டும். திரை எத்தனை நிறம் காட்டும் என்று நம்பி வரைவது என்பதில்தான் சண்டை. பழைய திரைகளும் காட்டக்கூடிய இருநூற்றைம்பத்தாறு போதும் என்றாய் நீ. மேனேஜருக்கு லட்சக்கணக்கில் வேண்டும். அவர் மேஜைமேல் இருந்த ஒரே புது மெஷினில் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஓகே சொல்வதுதானே அங்கே வழக்கம்!

"சாரே, மலைமேல இருக்கது பழைய மெஷினாக்கும். அங்க ரெண்டு கலரும் ஒண்ணாத்தான் தெரியும், கேட்டோ" என்றாய்.

"எந்தினா இந்தப் பிச்சைக்காரக் கலர்? டெமோல பளபளன்னு இருக்கணும்" என்றார் அவர்.

புரோகிராம் பளபளவென்றே மலைக்குப் போயிற்று. மலையில் இரண்டு நிறமும் ஒரே வெளுத்த புள்ளிகளாகத் தெரிந்தன. நர்ஸ் பாட்டிலில் இருந்த தேதியைப் படித்ததால் ஒரு குழந்தை தப்பியது. எஸ்டேட்காரர்கள் முன்னால் மேனேஜர் உன்னைக் கைகாட்டி, "இந்தக் குட்டி சரியா டெஸ்ட் பண்ணல" என்றார். நான் அவர்மேல் எகிறினேன். நீயோ, "முதல்ல கலர மாத்துவோம், நர்ஸ் காத்திட்டிருக்காங்க" என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றினாய். அடுத்த மாதம் உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

போன வாரம் உன் இரங்கல் கூட்டத்தில் அதே மேனேஜர் மைக்கைப் பிடித்தார். பழைய மெஷினையும் நினைத்து நிறத்தை முடிவு செய்தது அவருடைய யோசனையாம். நீ அதைச் சிரத்தையாகச் செய்துகொடுத்த பெண்ணாம். செத்தவளிடம்கூடவா திருடுவது? நான் எழுந்து நின்றேன். "சாரே, அது அவ சொன்னது, நீங்க வேண்டாம்னது. கடைசில வேலை போனதும் அவளுக்குத்தான்" என்றேன். கூட்டம் முகம் சுளித்தது. இந்த இடத்தில் இதெல்லாம் பேசலாமா என்று ஒருவர் என் தோளை அழுத்தி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

வெளியே வந்தபோது உன் மகள் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, அம்மைக்கு எதுக்கு வேலை போச்சுன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. ஒழுங்கா வேலை செய்யலன்னுதான் பாட்டா, அம்மையோட அப்பா, இப்பவும் சொல்லும்" என்றாள்.

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்மேல் உள்ள கோபத்தைக் கூட்டத்திலேயே கொட்டிவிட்டேன். இத்தனை வருஷம் உன் சொந்த வீட்டிலேயே குற்றவாளியாக இருந்தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்மேல் உள்ள இந்தக் கோபத்தை நான் யாரிடம் போய்க் கொட்டுவேன்?